எட்டேகால் மணி வண்டி

வீட்டுக்கு ஜெர்வின் வந்து பதினாறு மணி நேரம் ஆகிவிட்டது. இன்னும் யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. அஞ்சலினுக்கு அதுதான் பயமாக இருந்தது.

அஞ்சு வருஷம் கழித்து வந்திருக்கிற மகன். நேற்றுச் சாயங்காலம் முதுகில் ஒரு பையோடு வாசலில் வந்து நின்றவனைப் பார்த்து 'வா' என்று சொல்லக்கூட அவளுக்கு நாக்கு எழும்பவில்லை. கையிலிருந்த ஈரத்துணியைத் திரும்பத் திரும்பப் பிழிந்துகொண்டே நின்றாள். அவனாகத்தான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

அவன் வந்தது அம்மாவுக்காக இல்லை. அப்பாவுக்காக இல்லவே இல்லை. தங்கச்சி ஜாய்சிக்காக. ஜாய்சியின் மூன்று மாதப் பிள்ளைக்கு இன்று நாலு மணிக்குப் பாளையங்கோட்டைக் கோயிலில் ஞானஸ்நானம். தாய்மாமன்தான் ஞானத்தகப்பனாக நிற்கவேண்டும் என்று ஜாய்சி போனில் அழுது அழுதே அவனை பெங்களூரிலிருந்து வரவைத்துவிட்டாள்.

பிள்ளைக்குக் கெவின் என்று பேர் வைக்கப் போகிறாள். அது அஞ்சலினின் கடைக்குட்டி மகனின் பேர். பத்தொன்பது வயதில், டெங்கு காய்ச்சலில், மதுரைக்குக் கொண்டுபோகிற வழியில் சாத்தூர்ப் பக்கம் வைத்துப் போய்விட்ட பிள்ளை.

அவனுடைய முப்பதாம் நாள் பூசையன்றுதான் எல்லாம் நடந்தது. "இனி நான் இங்க வரமாட்டேன். உள்ள ஆள் இல்ல," என்று ஜெர்வின் கோயில் வாசலில் வைத்து ஊர் காதில் விழச் சொன்னான். அப்பா தொம்மை கையை ஓங்கி மகனைக் கன்னத்தில் அறைந்தார். அன்றைக்குப் போனவன்தான்.

அஞ்சலின் இந்த அஞ்சு வருஷமும் என்னதான் செய்யவில்லை. செவ்வாய்க்கிழமை நவநாள் செபம், வெள்ளிக்கிழமை ஒருசந்தி உபவாசம், மணப்பாட்டுக் குருசுக் கோயிலுக்கு நடந்து போவதாக நேர்ச்சை. ஆண்டவரோடு அவள் பேசியதெல்லாம் செபமா, பேரமா என்று அவளுக்கே குழப்பம். நான் இன்னது செய்கிறேன், நீர் என் மகனைத் திருப்பிக் கொண்டுவந்து முழங்காலில் நிறுத்தும். அவ்வளவுதான் ஒப்பந்தம். இன்றைக்கு நாலு மணிக்கு அது நடக்கப்போகிறது என்று நினைத்து, ராத்திரி பூரா கண்ணை மூடாமல் கிடந்தாள்.

தொம்மை தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எத்தனையோ டன் சரக்கைப் பைய இறக்கி வைத்த மனுஷனுக்கு, பெற்ற மகனிடம் ஒரு வார்த்தையை இறக்கி வைக்கத் தெரியவில்லை.

"ஏட்டி, இடியாப்பத்துக்குத் தேங்காப்பால் வேணுமான்னு அவன்ட்ட கேளு," என்றார், எதிரே உட்கார்ந்திருந்தவனைக் காட்டி.

"போதும்னு சொல்லு," என்றான் ஜெர்வின், அம்மாவைப் பார்த்து.

நல்ல அப்பன், நல்ல மகன் என்று நினைத்துக்கொண்டே அவள் இரண்டு தட்டிலும் ஊற்றினாள்.

பத்து மணிக்குப் பங்குச் சாமியார் வரச்சொல்லியிருந்தார். போனார்கள். ஜாய்சி, அவள் புருஷன் மணிராஜ், மணிராஜின் அம்மா கிரேஸி, ஜெர்வின், அஞ்சலின். தொம்மை மட்டும் வெயிலைச் சாக்குச் சொல்லி வீட்டிலேயே இருந்துகொண்டார்.

சாமியார் இளவட்டம். இந்தப் பங்குக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. மேஜையில் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"ஞானத்தகப்பன் யாரு?"

"நான்தான் ஃபாதர்."

"பெங்களூர்ல எந்தப் பங்குக் கோயில்?"

"எந்தப் பங்கும் இல்ல. நான் கோயிலுக்குப் போறதில்ல."

சாமியார் நிமிர்ந்தார். "எவ்வளவு நாளா?"

"அஞ்சு வருஷமா."

அஞ்சலின் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். கிரேஸியின் கழுத்து மகன் பக்கமாகத் திரும்பி, மருமகள் பக்கமாகத் திரும்பி, கடைசியில் அஞ்சலின் மேல் வந்து நின்றது.

"அதனால என்ன," என்றார் சாமியார், பேனாவை மூடிவிட்டு. "மூணு மணிக்குக் கோயில்ல உட்காருவேன். வந்து பாவத்தச் சொல்லி ஒரு பாவசங்கீர்த்தனம் பண்ணிருங்க. சாயங்காலம் நற்கருணை வாங்கிக்கலாம். முடிஞ்சுது."

"அது முடியாது ஃபாதர்."

"ஏன்?"

"சாயங்காலம் நீங்க என்னப் பாத்து மூணு தடவ 'நம்புகிறீர்களா'ன்னு கேப்பீங்க. நான் 'நம்புகிறேன்'னு சொல்லணும். தங்கச்சி பிள்ளைய வச்சுக்கிட்டு எனக்குப் பொய் சொல்ல வராது."

"அண்ணே, சும்மா வாய அசைச்சாப் போதும்ணே," என்றாள் ஜாய்சி. அவள் குரல் உடைந்துகொண்டிருந்தது. "பாட்டுச் சத்தத்துல யாருக்கும் கேக்காது."

"பிள்ளையத் தூக்கிட்டு நிக்கச் சொல்லு ஜாய்சி, நாள் பூரா நிக்கேன். அந்த வார்த்தைய மட்டும் சொல்லச் சொல்லாத."

கிரேஸிக்கு இதற்குமேல் பொறுக்கவில்லை. "நம்ம எபி இருக்கான்லா மைனி. மாசத்துக்கு ரெண்டு தடவ பாவசங்கீர்த்தனம் பண்ணுத பையன்," என்றாள் தன் இளைய மகனைப் பற்றி. மாதத்துக்கு இரண்டு தடவை பண்ணும்படி எபி அப்படி என்னதான் செய்கிறான் என்று யாரும் கேட்கவில்லை.

"மூணரைக்குள்ள ஒரு பேரச் சொல்லுங்கம்மா," என்றார் சாமியார். "எழுதணும்."

வெளியே வந்ததும் அஞ்சலின் மகனின் கையைப் பிடித்து, லூர்து மாதா சிலை இருக்கிற குகைக் கெபிப் பக்கமாக இழுத்துக்கொண்டு போனாள். அங்கே மெழுகுவத்தி கொளுத்துகிற இடத்தில் நிழல் இருந்தது.

"சம்பந்தக்காரி முன்னால வச்சு என் மானத்த வாங்கிட்டியேலே."

"கேட்டாரு, சொன்னேன்."

"பெங்களூர்ல எவன் ஒனக்கு இதெல்லாம் ஓதுனான்? எந்தப் புஸ்தகத்தப் படிச்ச? இல்ல, எவளாவது..."

"யாரும் ஓதல." அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரிப்பு முடிந்ததும் முகம் சின்னப்பிள்ளையில் இருந்த மாதிரி ஆகிவிட்டது. "நான் யார்ட்டயும் இதச் சொன்னதில்லம்மா. நீ கேட்டுட்ட, சொல்லிருதேன்."

அவன் கெபிச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"கெவின மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டாவன்னு நீ காலையில அஞ்சு மணிக்குப் போன் பண்ணுன. அஞ்சரைக்கு நான் பெங்களூர்ல பஸ் ஏறிட்டேன். எட்டு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்துரும்னு சொன்ன. எட்டரைக்குக் கூப்பிட்டேன், வரலன்ன. ஒம்பதுக்குக் கூப்பிட்டேன், வரலன்ன. பத்துக்கும் அதான்."

அஞ்சலின் பக்கத்தில் உருகிக்கிடந்த மெழுகை நகத்தால் சுரண்டினாள்.

"பஸ்ல முன்சீட்டுக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு ஒரே செபம். பக்கத்துல இருந்த ஆள் என்னப் பாத்துட்டு வேற சீட்டுக்குப் போயிட்டான். தம்பியப் பொழைக்க வையும்னுகூட நான் கேக்கலம்மா. அது அவரு சித்தம்னு விட்டுட்டேன். ஒரு வண்டி. ஒரே ஒரு வண்டிய அந்த ஆஸ்பத்திரி வாசலுக்கு அனுப்பும், வேற ஒண்ணும் வேண்டாம்னுதான் கேட்டேன்."

அவன் கையை விரித்துக் காட்டினான்.

"வண்டி கெளம்புனது பதினோரு மணிக்கு. எட்டு மணிக்குக் கெளம்பியிருந்தா பதினோரு மணிக்கு அவன் மதுரைல படுக்கைல இருந்திருப்பான். ஒரு வண்டிய அனுப்ப ஆள் இல்லாத எடத்துல, நான் யாரப் பாத்து நம்புகிறேன்னு சொல்ல?"

சொல்லிவிட்டு, விருந்து ஹாலைக் கழுவி நாற்காலி போட ஆள் இல்லையாம், நான் போகிறேன் என்று நடந்துவிட்டான்.

அஞ்சலின் மாதா கெபியின் கம்பி அழியைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டி எட்டேகாலுக்கே வந்துவிட்டது.

இது அவளுக்குத் தெரியும். வெள்ளை வண்டி, தலையில் நீல விளக்கு. டிரைவர் இறங்கி வந்து, "அம்மா, ஏத்திருவமா?" என்று கேட்டான். இருங்க, இந்தா வந்துருவாவ என்றாள். வரவேண்டியது ஒரு செபக்குழு. கைவைத்து செபித்தால் எந்தக் காய்ச்சலும் இறங்கிவிடும் என்று ஊரெல்லாம் பேச்சு. அவர்கள் ஒம்பதுக்கு வருகிறோம் என்றார்கள், ஒம்பதரை என்றார்கள், பத்தே முக்காலுக்கு வந்தார்கள். செபித்தார்கள். பிள்ளை உடம்பு ஜில்லென்று ஆனது. காய்ச்சல் இறங்கிவிட்டது என்று அவள் அல்லேலூயா சொன்னாள். டாக்டர் ஓடிவந்து கத்தியபோதுதான் அது காய்ச்சல் இறங்கியது இல்லை, நாடி விழுந்தது என்று அவளுக்குப் புரிந்தது.

எட்டரைக்கு ஜெர்வின் போன் பண்ணியபோது, வண்டி நிற்கிறது என்று சொன்னால் திட்டுவான், உடனே ஏற்று என்பான். அதனால், "இன்னும் வரல மக்கா," என்றாள். ஒரு தடவை சொன்னதை ஒம்பது மணிக்கும் சொல்லவேண்டி வந்தது. பத்துக்கும் சொல்லவேண்டி வந்தது. பிறகு பிள்ளையே போய்விட்டான். அந்தப் பொய் அப்படியே தங்கிவிட்டது.

அந்த மூன்று மணி நேரத்தால்தான் பிள்ளை போனானா, எட்டேகாலுக்கே புறப்பட்டிருந்தாலும் போயிருப்பானா, அவளுக்குத் தெரியாது. எந்த டாக்டரிடமும் அவள் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் கிடையாது. மாதாமாதம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். காய்காரியை ஏசினேன், பூசைக்குப் பிந்தி வந்தேன், செபமாலையில் தூங்கிவிட்டேன். இதையெல்லாம் சொல்லிவிட்டு, அதைச் சொல்லாமலே எழுந்து வந்தாள்.

மகன் கெட்ட சகவாசத்தால் போய்விட்டான் என்றல்லவா அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவனைத் திருப்பிக் கொண்டுவாரும் என்று அஞ்சு வருஷமாக ஆண்டவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாளே. அவர் அனுப்பிய வண்டியை வாசலில் நிறுத்தி வைத்ததே அவள்தான். அவர் கேட்டிருக்கிறார். கேட்டவுடனே அனுப்பியிருக்கிறார். பழியை மட்டும் அவர் தலையில் கட்டிவிட்டு, இவள் மெழுகுவத்தி கொளுத்திக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றாகப் போகிறது. தொம்மை கட்டிலில் வெள்ளைச் சட்டையை விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க."

"ம்."

"கெவின் அன்னைக்கு, ஆஸ்பத்திரியில... அந்த வண்டி."

இஸ்திரிப் பெட்டி நின்றது. சட்டை கருகப்போகிறது என்று அவளே அதை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"தூத்துக்குடியில இருந்து நான் வந்து எறங்குதேன், பத்தரை மணி. வண்டி வாசல்ல நிக்கி. டிரைவர் டீ குடிச்சுக்கிட்டு நிக்கான். அண்ணாச்சி, எட்டேகாலுக்கே வந்துட்டேன், அம்மா இருங்க இருங்கன்னு சொல்லுதாவன்னான்."

அஞ்சலின் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "அஞ்சு வருஷமா என்ட்ட ஒரு வார்த்த கேக்கலியே."

"என்னத்தக் கேக்க? நானும் அரை மணி நேரம் நின்னேன்லாட்டி. வந்த ஒடனே ஏத்துங்கலேன்னு ஒரு சத்தம் போட்டிருக்கலாம்லா. செபம் முடியட்டும்னு நானும் கையக் கட்டிக்கிட்டு நின்னேன்." அவர் சட்டையின் காலரைத் தடவிக்கொண்டே இருந்தார். "அவன் கோயில் வாசல்ல நின்னு உள்ள ஆள் இல்லன்னு சொன்னப்ப, எனக்குக் கோவம் அவன் மேல இல்ல. அடி மட்டும் அவனுக்கு விழுந்துட்டு."

அவள் கெபியில் கேட்டதை ஒன்றுவிடாமல் சொன்னாள். பஸ், முன்சீட்டுக் கம்பி, ஒரே ஒரு வண்டி. தொம்மை கேட்டு முடித்துவிட்டு முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார்.

"அவன்ட்ட சொல்லப்போறேன்," என்றாள்.

"சொல்லாத."

"அவன் செபத்த ஆண்டவர் கேட்டிருக்காருங்க. அது அவனுக்குத் தெரியவேண்டாமா?"

"சாமியார்ட்ட சொல்லு. பாவசங்கீர்த்தனத்துல சொல்லி மன்னிப்பு வாங்கிக்க. அவன்ட்ட சொல்லாத." அவர் குரல் கெஞ்சியது. கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் அவர் கெஞ்சி அவள் கேட்டதில்லை. "கடவுள் இல்லன்னு சொல்லுதான், சொல்லிட்டுப் போட்டும். அம்மா ஒருத்தி இருக்கான்னு நேத்து வந்து வாசல்ல நின்னாம்லா. அதையும் அத்து விட்டுறாத அஞ்சலின். இனி எனக்கு இழக்க ஆள் இல்ல."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பு இல்லை. அதுதான் அவளை அறுத்தது. சொன்னால் அவனுக்கு ஆண்டவர் திரும்பக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அம்மா போய்விடுவது மட்டும் நிச்சயம். சொல்லாவிட்டால் நாலு நாள் இருந்து, மீன் குழம்பு சாப்பிட்டு, வருஷத்துக்கு ஒரு தடவையாவது வந்து போவான். எந்தத் தாய்க்கு மனசு வரும்.

மூன்று மணிக்குக் கோயிலில் பாவசங்கீர்த்தன வரிசை. அஞ்சலின் நாலாவது ஆளாக நின்றாள். இரண்டு ஆள் முன்னால் எபி. மாதத்தில் இரண்டாவது தடவை போலிருக்கிறது.

வரிசை நகர நகர அவள் வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தாள். உள்ளே போய்ச் சொல்வது சுலபம்தான். பாவசங்கீர்த்தனப் பெட்டியின் ஜன்னல் அழிக்கு அந்தப் பக்கம் முகம் தெரியாது. சாமியாருக்கும் பழைய கதை தெரியாது. பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்வார். மன்னிப்பும் கிடைக்கும். ஜெர்வினுக்கு மட்டும் அந்த வண்டி வராமலே இருக்கும்.

எபி எழுந்து வெளியே வந்தான். அடுத்தவள் உள்ளே போனாள். அடுத்தது அஞ்சலின்.

அவள் வரிசையை விட்டு வெளியே வந்தாள். "மைனி, எங்க போறிய? இப்பம் உங்க முறைதான்," என்று கிரேஸி பின்னால் கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பவில்லை. அவள் சொல்லவேண்டிய ஆள் அந்தப் பெட்டிக்குள் இல்லை.

பங்கு ஹாலில் ஜெர்வின் நீல நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வேறு ஆள் யாரும் இல்லை.

"ஜெர்வின்."

"எபி பேரச் சொல்லிட்டியளா?"

"இல்ல. நீ இங்கன வந்து இரி."

அவன் உட்காரவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவளும் நின்றுகொண்டே சொன்னாள். உட்கார்ந்தால் அழுகை வரும், அழுதால் அவன் இரங்குவான், இரங்க வைத்துச் சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

"நீ கேட்ட வண்டி வந்துச்சு மக்கா."

"எந்த வண்டி?"

"ஆம்புலன்ஸ். எட்டேகாலுக்கு வந்து வாசல்ல நின்னுது. செபக்குழு வரட்டும்னு நான்தான் நிறுத்தி வச்சேன். கைவச்சு செபிச்சா மதுரைக்கே போகவேண்டாம்னு நெனச்சேன். நீ போன் பண்ணும்போதெல்லாம் அது வாசல்லதான் நின்னுக்கிட்டு இருந்துச்சு. வரலன்னு ஒன்ட்ட பொய் சொன்னேன்."



"எட்டேகாலா?" என்று கேட்டான்.

"எட்டேகால்."

"அப்ப நான் தர்மபுரி தாண்டல." அவன் அவளைப் பார்க்கவில்லை. ஹால் சுவரைப் பார்த்துக்கொண்டு, யாரோ மூன்றாம் மனுஷனிடம் சொல்லுகிற மாதிரிச் சொன்னான். "தர்மபுரில பஸ் நின்னப்ப எறங்கி டீ குடிக்கலாம்னு எல்லாரும் போனாங்க. செபத்த விட்டா வண்டி வராதுன்னு நான் எறங்கல."

"வந்துட்டு மக்கா. நீ கேட்ட ஒடனே வந்துட்டு. தடுத்தது நான். அந்தக் குத்தத்த அவரு தலையில போட்டுட்டு அஞ்சு வருஷமா வாய மூடிக்கிட்டு இருந்தேன். நீ கோவப்படணும்னா என் மேல படு. நம்பணும் நம்பக்கூடாதுன்னு நான் சொல்ல வரல. அத இனி நான் கேக்கவும் மாட்டேன். வண்டி வந்துதுங்கது மட்டும் ஒனக்குத் தெரியணும்."

அவன் கை நாற்காலியை விட்டது. நாற்காலி பின்பக்கமாகச் சரிந்து விழுந்தது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

இதற்கு அவள் பதில் யோசித்து வைத்திருக்கவில்லை. தெரியாது என்று சொல்ல ஒரு நொடி வாய் வந்தது. பழகின வாய்.

"அத அப்பாட்டயே கேட்டுக்க," என்றாள்.

ஜெர்வின் அவளைத் தாண்டி நடந்தான். ஹால் படியிறங்கி, வெயிலில், கோயில் கேட்டைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்குப் போனான். வண்ணார்பேட்டைப் பக்கம் போகிற பஸ் ஒன்று சத்தம் போட்டுக்கொண்டு வந்து நின்றது. அதில் ஏறினானா, நடந்தானா என்று கூட்டத்தில் தெரியவில்லை. பின்னால் ஓடி, கையைப் பிடித்து, போகாதலே என்று கதறத்தான் உடம்பெல்லாம் துடித்தது. அவள் விழுந்த நாற்காலியை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். பாக்கி இருந்த நாற்காலிகளையும் பிரித்துப் போட்டாள்.

மூன்றரைக்குச் சாமியாரின் மேஜை முன்னால் போய் நின்றாள். "எபி பேர எழுதிக்கிடுங்க சாமி."

"நான் காலையிலயே சொன்னேன்லா மைனி," என்றாள் கிரேஸி. அந்தச் சந்தோஷத்தை அவளிடமிருந்து பறிப்பானேன் என்று அஞ்சலின் தலையை ஆட்டினாள்.

ஜாய்சிதான் கண்ணெல்லாம் சிவந்துபோய் வந்து நின்றாள். "அம்மா, அண்ணன் எங்க? போன் எடுக்க மாட்டேங்கான்."

"தெரியலம்மா."

"நீ என்ன சொன்ன அவன்ட்ட?"

"உள்ளதச் சொன்னேன். ஒனக்கும் சொல்லுதேன், இன்னைக்கே சொல்லுதேன். இப்பம் பிள்ளையத் தூக்கிட்டு வா, நேரமாச்சு."

நாலு மணிக்குக் கோயில் மணி அடித்தது. ஞானஸ்நானத் தொட்டியைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். எபி புதுச் சட்டையில் விறைப்பாக, கையில் மெழுகுவத்தியோடு நின்றான். அஞ்சலினுக்குப் பக்கத்தில் தொம்மை.

"சொல்லிட்டியா?" என்று காதோடு கேட்டார்.

"சொல்லிட்டேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் கையைத் தேடிப் பிடித்தார். 

"எல்லாம் வல்ல தந்தையாகிய கடவுளை நம்புகிறீர்களா?" என்று சாமியார் கேட்டார். எல்லாரும் சேர்ந்து, நம்புகிறேன் என்றார்கள். அஞ்சலினும் சொன்னாள். ஆயிரம் தடவை சொன்ன வார்த்தைதான். அஞ்சு வருஷமாக அதைச் சொல்லும்போதெல்லாம் அடியில் ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டே வரும், என் மகனை எப்போது தருவீர் என்று. இன்றைக்கு அது வரவில்லை. மகன் போய்விட்டான், ஒருவேளை ஒரேயடியாகப் போய்விட்டான். நெஞ்சு வலித்தது, நன்றாகவே வலித்தது. ஆனாலும் ஆண்டவரிடம் மறைக்க ஒன்றும் இல்லை, கேட்டு வாங்கவும் ஒன்றும் இல்லை. அவன் இனி அவர் பாடு. அவனுடைய பஸ் செபத்தைக் கேட்டவருக்கு அவனைப் பார்த்துக்கொள்ளத் தெரியும்.

இதுதான் சமாதானம் என்றால், அவள் எதிர்பார்த்த மாதிரி அது இல்லை. ஆனாலும் அது சமாதானம்தான். தண்ணீர் நெற்றியில் விழுந்ததும் சின்னக் கெவின் வீரிட்டு அழுதான். அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

விருந்து தொடங்கிவிட்டது. பிரியாணி வாசம் ஹாலைத் தாண்டிக் கோயில் படிவரை வந்தது. அஞ்சலினும் தொம்மையும் படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் பசி இல்லை.

தொம்மையின் சட்டைப்பையில் போன் அடித்தது. கிரேன் சத்தத்தில் காது மந்தமான மனுஷன். யார் பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பார். பேரைப் பார்த்ததும் போனை அவள் பக்கம் நீட்டினார். அஞ்சலின்தான் அழுத்திக் கொடுத்தாள்.

"அப்பா."

அஞ்சு வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தை. 

"அன்னைக்கு நீங்க ஆஸ்பத்திரிக்கு எத்தன மணிக்கு வந்தீங்க?"

தொம்மை மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஜாடை ஒன்றும் காட்டவில்லை. 

"பத்தரைக்கு."

"வண்டி நின்னுச்சா?"

"நின்னுச்சு மக்கா." அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நானும் அரை மணி நேரம் நின்னேன். ஏத்துங்கன்னு சொல்லல. ஒங்கம்மா மேல மட்டும் போடாத. ஒன்ன நான் அடிச்சிருக்கக் கூடாதுலே. அடிபடவேண்டியது நான்."

அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹாரன். யாரோ, அம்பாசமுத்திரம், அம்பாசமுத்திரம் என்று ஆள் கூப்பிடுகிற சத்தம். பஸ் ஸ்டாண்டில்தான் இருக்கிறான்.

"இப்பம் ரெண்டு பேரும் எங்க இருக்கீங்க?"

"கோயில்ல. படியில."

"அங்கனயே இருங்க. வாறேன்."

போன் அணைந்துவிட்டது. தொம்மை அதைக் கீழே வைக்காமலே பிடித்துக்கொண்டிருந்தார்.

"கோவமா வாறானா? எப்படி வாறான்? ஒனக்கு என்ன தோணுது?"

அவன் குரலில் இருந்தது கோபமா, அழுகையா என்று அஞ்சலினுக்குப் பிடிபடவில்லை. இரண்டுமாகக்கூட இருக்கலாம்.

"எப்படின்னாலும் வரட்டும்ங்க," என்றாள். கேட்டைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்தாள்.